பதினோராவது கட்டம்

கம்ப்யூட்டர் மௌஸைக் கையில் பிடித்துப் பார்த்து அபிப்பிராயம் எழுதுவதற்கு ஓர் உத்தியோகம் உண்டா என்று திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் சேஷனைக் கேட்காத ஆளில்லை. உண்டு. கழக்கூட்டத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அந்த உத்தியோகம் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வயர் இல்லாத மௌஸ்களைச் செய்து, கடைக்கு அனுப்பும் முன் மாதிரிகளை அங்கே அனுப்பிவைக்கும். அவற்றைப் பிடித்துப் பார்த்து, கட்டைவிரல் எங்கே உட்காருகிறது, மணிக்கட்டு எப்போது வலிக்கத் தொடங்குகிறது, மேல்பூச்சு வழுக்குகிறதா, பொத்தான் அமுங்கும்போது விரலுக்கு என்ன தெரிகிறது என்று பன்னிரண்டு கட்டங்கள் போட்ட படிவத்தை நிரப்ப வேண்டும். ஆபீஸில் ஆறு பேர் இதைச் செய்தார்கள். ஆனால் கம்பெனி விரும்பிக் கேட்டது சேஷனின் கையைத்தான். இரண்டு மௌஸ்களுக்கு நடுவே நான்கு கிராம் வித்தியாசம் இருந்தால் தராசில்லாமல் சொல்லிவிடுவான் என்று பெயர் வாங்கியிருந்தான்.

அந்தக் கைக்குத்தான் எட்டு மாதமாக உணர்ச்சி இல்லை.

சுண்டுவிரலில் தொடங்கியது. மரத்துப்போகிறது, தலைக்கு வைத்துப் படுத்திருப்போம் என்று நினைத்தான். பிறகு மோதிரவிரல், பிறகு உள்ளங்கை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் ஆபீஸ் கேன்டீனில் டீ கிளாஸை முழுவதுமாகப் பற்றிக்கொண்டு அவன் பேசிக்கொண்டிருக்க, எதிரே இருந்த, கூட வேலை பார்க்கிற லிபி, "சாரே, சுடலியா?" என்று கேட்டாள். அப்போதுதான் பயம் பிடித்தது. திருவனந்தபுரத்தில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனாலும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனான். அங்கே தெரிந்த முகம் கிடையாது.

டாக்டர் அவனுடைய முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார், பேனா மூடியால் உள்ளங்கையில் அங்கங்கே தொட்டார். முதுகில் அவனுக்கே தெரியாமல் இருந்த வெளிறிய படையைக் காட்டினார். பிறகு வியாதியின் பெயரைச் சொன்னார். ஊரில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள், பெருவியாதி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

"பன்னிரண்டு மாசம் மாத்திரை சாப்பிடணும். சாப்பிடத் தொடங்கின உடனேயே மத்தவங்களுக்குப் பரவறது நின்னுடும், அதனால பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "ஆனா போன உணர்ச்சி திரும்பி வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. சூடு உள்ள எதுகிட்டயும் இந்தக் கையைக் கொண்டுபோகாதீங்க. வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

பரவாது என்று டாக்டர் சொன்னதை சேஷன் காதில் வாங்கினான், மனசில் வாங்கவில்லை. அன்றிலிருந்து மனைவியைத் தொடவில்லை. முதுகுவலி என்று சொல்லிக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டான். மாத்திரையை ஆபீஸ் மேஜையில் பூட்டிவைத்தான். அந்த மாத்திரை தோலைக் கறுக்க வைத்தது. பஸ் ஸ்டாப்பு வெயில் என்று விஜயலக்ஷ்மி தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் பயத்தமாவு கரைத்துக் கொடுத்தாள். அவனும் பூசிக்கொண்டான்.

சரி, வேலை? அதற்கு அவன் கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மௌஸ் மாதிரிகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும், "விஜி, இங்க வா, கண்ணை மூடிக்கோ" என்பான். அவளை எதிரே உட்காரவைத்து அவள் கையில் ஒவ்வொன்றாக வைப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"இது தேவலை. உள்ளங்கைக்கு அடங்கறது. ஆனா கட்டைவிரல் கிட்ட என்னமோ உறுத்தறதே, கத்திரிக்காய்க் காம்பு மாதிரி."

"அழுத்திப் பாரு. பொத்தான் எப்படி இருக்கு?"

"வலது பக்கத்துது நன்னா அமுங்கறது. இடது பக்கத்துது கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கறது."

அவன் அதையெல்லாம் இங்கிலீஷில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுப்பான். காம்பு உறுத்துகிற இடம் படிவத்தில் மில்லிமீட்டர் கணக்கோடு ஏறும். பழைய ரிப்போர்ட்டுகளைவிட இவை நன்றாக இருப்பதாக மேனேஜர் பிரதீஷ் சொன்னான். விஜிக்கும் சந்தோஷம். பகலெல்லாம் பேசாத மனுஷன், கூடத்தில் போய்த் தனியாகப் படுக்கிற மனுஷன், சாயங்காலம் அரைமணி நேரம் தன்னை எதிரே வைத்துக்கொண்டு எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்கிறானே, அது போதும் என்று இருந்தாள். அந்த அரைமணிக்காகச் சீக்கிரமே சமையலை முடித்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு உட்காருவாள்.

அப்படியே ஓடியிருக்கும். நவராத்திரி வந்தது.

அஷ்டமி அன்று சாயங்காலம் பூஜை வைப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. புஸ்தகம், பேனா, கத்தரிக்கோல், யார் எதைக்கொண்டு பிழைக்கிறார்களோ அதெல்லாம் சரஸ்வதி படத்தின் முன் ஏறிவிடும். பிறகு விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை, தொழிலும் இல்லை. அந்த வாரம் வந்திருந்த மாதிரி புதுவகை. பாட்டரி மாற்ற வேண்டாம், கூடவே ஒரு ஸ்டாண்ட் உண்டு, அதன்மேல் உட்காரவைத்தால் தானாகச் சார்ஜ் ஆகிக்கொள்ளும். எப்போதும் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், பிளக்கைப் பிடுங்காதே என்று சேஷன் சொல்லியிருந்தான். அதனால் விஜி அவன் பேனாவையும் ஆபீஸ் லேப்டாப்பையும் தன் தையல் கத்தரிக்கோலையும் பலகையில் வைத்து, நடுவில் மௌஸை ஸ்டாண்டோடு, பிளக்கோடு வைத்தாள்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மௌஸின் முதுகில் ஒன்று. அதைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டாண்டுக்குள்ளே பொன்னிறத்தில் மூன்று சின்ன முனைகள் தெரிந்தன. இதுதான் இதற்கு உயிர்நிலை போலிருக்கிறது என்று அந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்துவிட்டு மௌஸைத் திரும்ப உட்காரவைத்தாள். இரண்டு நாளும் விளக்குக்குப் பக்கத்தில் அதன் பச்சை வெளிச்சமும் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதையும் சேர்த்துத்தான் நமஸ்காரம் செய்தாள்.

விஜயதசமி காலையில் சேஷன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். தாம்பாளத்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுதினான். புஸ்தகத்தில் ஒரு பக்கம் படித்தான். எடுத்த கருவி ஒவ்வொன்றையும் அன்றைக்குக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும் என்பது முறை. லேப்டாப்பைத் திறந்து, மௌஸை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, பலகைமேல் வைத்து உருட்டத் தொடங்கினான். படிவத்தைத் திறந்து முதல் கட்டத்தில் தேதியைப் போட்டான். இடதுகை அங்கங்கே தட்ட, வலதுகை மௌஸின் மேலேயே படிந்திருந்தது.

விஜி நைவேத்தியத்துக்குச் சுண்டலைக் கொண்டுவந்து வைத்தாள். மௌஸின் முதுகில் தான் வைத்த சந்தனம் பொரிந்து உதிர்வதைப் பார்த்து, அதைத் தட்டிவிடக் கையை நீட்டினாள். விரல் பட்டதுதான் தாமதம், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ! நெருப்பா கொதிக்கறதே! இதை எப்படின்னா பிடிச்சுண்டிருக்கேள்?"

சேஷன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் "ஆ" என்றான்.

கையை எடுத்தபோது உள்ளங்கையின் அடிப்பாகம் முழுவதும் வெளுத்து, தோல் மேலெழும்பி நின்றது. அவன் அதை மடிக்குள் மறைக்கப் பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். அவள் ஒன்றும் அசடு இல்லை. எட்டு மாதத்துச் சங்கதியெல்லாம் அந்த ஒரு கணத்தில் அவளுக்குள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கண்ணை மூடுங்கோ" என்றாள்.

"விஜி..."

"மூடுங்கோன்னா. தினம் நான் மூடலியா?"

மூடினான். விளக்கின் திரி பொரிகிற சத்தம் கேட்டது. தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். சேஷன் காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் வைக்கலியா?" என்றான்.

"வெச்சு எடுத்தாச்சு" என்றாள் அவள்.

கண்ணைத் திறந்தபோது அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அவனுடைய விரல் நுனியில் அதன் முனை அழுந்திய தடம் இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னான். நாகர்கோவில், டாக்டர், மாத்திரை, கூடத்துப் பாய். வியாதியின் பெயரை மட்டும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பரவாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னான். அவள் அழுவாள், கத்துவாள், பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்பாள் என்றெல்லாம் எட்டு மாதமாக நினைத்துப் பார்த்துவைத்திருந்தான். அவள் அவற்றில் ஒன்றையும் செய்யவில்லை.

"அப்போ தினம் சாயங்காலம் கேட்டது?" என்றாள்.

"ரிப்போர்ட்டுக்குத்தான்."

"ஓ" என்றாள். சுண்டல் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். "நான் வேற என்னமோன்னு நினைச்சுண்டிருந்தேன்."

சேஷனின் கையில் ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது, அது வலிக்கவில்லை. இந்தச் சொல் வலித்தது.

ஆனாலும் பாருங்கள், வேலை பார்த்த புத்தி சும்மா இருக்காது. ஏன் சுட்டது என்று ஸ்டாண்டைக் கவிழ்த்துப் பார்த்தான். மூன்று முனைகளில் இரண்டு மின்சாரம் ஏற்றுவதற்கு, மூன்றாவது, நிரம்பிவிட்டது போதும் என்று சொல்வதற்கு. போதும் என்று சொல்கிற முனையில் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. மற்ற இரண்டிலும் உட்காரவைத்த வேகத்தில் உரசி உதிர்ந்திருந்தது. ஒன்றரை நாளாக நிரம்பின பாட்டரிக்குள் மேலும் மேலும் ஏறியிருக்கிறது. சந்தனம் இல்லாவிட்டால் வியர்வை உப்பு, அதுவும் இல்லாவிட்டால் அழுக்கு, யார் வீட்டிலாவது இது நடக்கும். இதே மாதிரியில் இன்னொன்று லிபி வீட்டில் இருந்தது. நெய்யாற்றின்கரையில் அவளுக்கு இரண்டு வயசுக் குழந்தை, கண்டதையெல்லாம் கன்னத்தில் வைத்துக்கொண்டு போன் பேசுகிற வயசு. உடனே போன் போட்டு பிளக்கைப் பிடுங்கச் சொன்னான்.

சொன்ன பிறகு மறைக்க முடியாது. ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். படிவத்தின் பதினோராவது கட்டம் சூட்டுக்கானது. எத்தனையாவது செகண்டில் சூடு தெரிந்தது, எத்தனையாவது செகண்டில் தாங்க முடியாமல் கையை எடுத்தீர்கள் என்று இரண்டு கேள்வி. கொப்புளத்தைக் காட்டுகிற ஆள் அந்த இரண்டையும் காலியாக விட முடியுமா?

விஜி அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். பி.ஏ. படித்தவள். படித்துவிட்டு மௌஸை எடுத்து ஸ்டாண்டில் திரும்ப வைத்தாள்.

"என்ன பண்றே?"

"எட்டு மாசமா என் கைதானே எழுதறது? இதையும் அதுவே எழுதட்டும்."

"வேண்டாம் விஜி. நானே ஏதாவது நம்பர் போட்டுக்கறேன்."

"பொய் நம்பர் போட்டா, நாளைக்கு எந்தக் குழந்தை கையோ வேகும்" என்றாள்.

மௌஸ் திரும்பச் சூடேற ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் எதிரே உட்கார்ந்து, எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டு, வலதுகையை அதன்மேல் படியவைத்தாள். வேண்டாம் என்று அவன் இன்னொரு தரம் சொன்னான். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுடறது" என்றாள் ஆறாவது செகண்டில். பத்து. பன்னிரண்டு. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பதினெட்டாவது செகண்டில் கையை எடுத்துத் தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சேஷன் ஆறு என்றும் பதினெட்டு என்றும் எழுதினான்.

மறுநாள் இரண்டு பேர் கையிலும் துணிக்கட்டு. அவன் கட்டுக்கு ஆபீஸில் ராஜமரியாதை கிடைத்தது. பிரதீஷ் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். லிபி மட்டும் கட்டு மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"எந்தா சாரே இது? பதினெட்டு செகண்டுல விட்டா இத்தன பெரிசா பொள்ளிக் கொப்புளம் வராதே" என்றாள்.

"என் தோல் அப்படி" என்றான் சேஷன்.

அவள் பிப்ரவரி மாதத்து டீ கிளாஸை நினைத்தாளோ என்னவோ. மேற்கொண்டு கேட்கவில்லை. போகும்போது, "என் மோளைக் காப்பாத்தினீங்க சாரே" என்றாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் பிரதீஷ் ஓர் அட்டைப் பெட்டியோடு அவன் மேஜைக்கு வந்தான்.

"சாரே, அவங்களுக்குப் பெரிய திருப்தி, கேட்டோ. ஸ்டாண்டை மாத்திட்டாங்க. இனி ஆறு சாம்பிள், ஆறும் ஒவ்வொரு சூட்டுல நிக்கும். எந்தச் சூடு வரை மனுஷன் கை தாங்கும்னு அவங்களுக்குத் தெரியணும். அதே ஆள், அதே கை தான் வேணும்னு எழுதியிருக்காங்க. பெருமைதானே?"

பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். விஜி விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வலதுகைக் கட்டு இன்னும் அவிழவில்லை, புண் ஆறவில்லை. அவன் சொல்லச் சொல்லப் பெட்டியைப் பிரித்து, ஆறையும் வரிசையாக வைத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். பிறகு இடதுகையைப் பலகைமேல் நீட்டினாள்.

"இதெல்லாம் வலதுகைக்குப் பண்ணினதாக்கும். கொஞ்சம் கோணலாத்தான் பிடிக்க வரும்" என்றாள். "பரவால்லை. மாத்திரை இன்னும் நாலு மாசம்தானே? அதுவரைக்கும் வேலை நிக்கணும். நீங்கோ கடிகாரத்தைப் பாருங்கோ."

கண்ணையும் மூடிக்கொண்டுவிட்டாள்.

சேஷன் அந்தக் கையைப் பார்த்தான். ஆறு மௌஸ். இந்தக் கை முடிந்தால் அடுத்தது? அவனுக்குத் தன்னை நினைத்து உடம்பு கூசியது. வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு பிடிக்கிறான் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. எழுந்திரு, எழுந்திரு என்று அவளை இழுத்தான். அவள் இன்னொரு கையால் தடுக்க வர அதையும் சேர்த்துப் பற்றிக்கொண்டான். மெல்லத்தான் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். தற்செயலாக நிமிர்ந்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே பார்த்தான். அவனுடைய மரத்த கையின் பிடிக்குள் இருந்தது அவளுடைய புண்பட்ட வலதுகை. கட்டுத்துணியில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"சொல்லப்படாதோ?" என்று கத்தினான்.

"இப்பத்தானே பிடிச்சேள்" என்றாள் விஜி. "அதான் சொல்லலை."

சேஷன் ஆறையும் பெட்டிக்குள் போட்டு மூடினான். ஒரு படிவத்தை எடுத்தான். பதினோராவது கட்டத்தில், இந்தக் கைக்குச் சூடு தெரியாது, பிப்ரவரி மாதத்திலிருந்து தெரியாது, அதற்குப் பிறகு நான் கொடுத்த ரிப்போர்ட் எல்லாம் என் மனைவியின் கை சொன்னது என்று எழுதினான். பேனா இரண்டு தரம் விரலிலிருந்து நழுவியது. காரணம் என்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. அவனே கீழே ஒரு கோடு போட்டு, வியாதியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

விஜி படித்தாள். "வேலை போயிடும்."

"போகும்."

"தெருவுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியும்."

அவள் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தான். கிழிக்கவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு கட்டில்லாத இடதுகையை அவன் உள்ளங்கைக்குள் வைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தால்தான் இருக்கிறது என்று தெரியும். பழக்கதோஷம், வாயில் அதே கேள்விதான் வந்தது. இந்தத் தடவை எழுதிக்கொள்ளப் பக்கத்தில் பேனா இல்லை.

"எப்படி இருக்கு, சொல்லு" என்றான்.

"உங்க கை சுடறது" என்றாள் விஜி. "என் கை சில்லுனு இருக்கு. பயத்துல."

அவன் அதை நம்பிக்கொண்டான்.